ஆறு கிலோ போதுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 48 வயது. உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. கல்லூரி முடித்தபோது 58 கிலோ இருந்தேன். எப்படியாவது அந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பல வருடங்களாக முயன்றுகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடுமையாகத்தான் ஆரம்பிப்பேன். சென்ற முறை மூன்றே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. அடுத்த ஒரு வருடத்தில் பதினொரு கிலோ ஏறிவிட்டது.

சமீபத்து ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லையில் இருக்கிறீர்கள்" என்றார் டாக்டர். படி ஏறினால் முழங்கால் வேறு வலிக்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "இப்போதைக்கு ஆறு கிலோ குறையுங்கள், போதும்" என்றார். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். இனி இவளால் ஆகாது என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. 24 கிலோ குறைக்க வேண்டியவளுக்கு ஆறு கிலோ என்ன கணக்கு? வயதானால் உடலின் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும், பிறகு என்ன செய்தாலும் எடை இறங்காது என்கிறார்களே, அதனால்தான் அப்படிச் சொன்னாரா? ஐம்பது வயதுக்குள் 58 கிலோ என்பது நடக்கவே நடக்காதா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் டாக்டர் உங்களைக் கைகழுவவில்லை. ஆறு கிலோ என்பது உங்கள் எடையில் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். அது ஆறுதலுக்காகச் சொன்ன எண்ணாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் நிலையில் இருப்பவர்களைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வு ஒன்று அதே ஏழு சதவீதத்தைத்தான் இலக்காக வைத்தது.

அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வின் பெயர் 'டயாபடிஸ் பிரிவென்ஷன் புரோகிராம்'. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கலந்துகொண்டவர்கள் 3,234 பேர், சராசரி வயது 51. எல்லோரும் உங்களைப் போலவே சர்க்கரை நோயின் எல்லையில் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற உடலுழைப்பு. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அவர்களைக் கவனித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், இவர்களிடையே புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட பிரிவில் அது 31 சதவீதம் குறைவு.

அதே ஆய்வில் இன்னொரு தகவலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக வழிகாட்டி ஒருவர் இருந்தார், பாடத்திட்டம் போல வகுப்புகள் இருந்தன. அப்படியும் 24 வாரங்களில் ஏழு சதவீதத்தை எட்டியவர்கள் பாதிப் பேர்தான். ஆய்வின் இறுதிக் கட்டத்தில் அந்த இலக்குக்குள் இருந்தவர்கள் 38 சதவீதம். எட்டியவர், எட்டாதவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த பலன்தான் அந்த 58 சதவீதம். ஆகவே ஆறு கிலோவை அற்பம் என்று நினைக்காதீர்கள். உழைத்துத்தான் அதை அடைய முடியும். அதில் முக்கால்வாசி போனாலும் உடலுக்கு லாபம்தான்.

வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுவயதினரை அதிகம் சோர்வடையச் செய்யும் நம்பிக்கை இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அளந்து, 'சயின்ஸ்' இதழில் 2021இல் ஒரு கட்டுரை வெளியானது. உடலின் அளவையும் அதிலுள்ள தசை, கொழுப்பு விகிதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயதுவரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்ற கணக்கில் மெல்லக் குறைகிறது. உங்கள் உடலுக்குள் எந்த அடுப்பும் அணைந்துவிடவில்லை. மாறியிருப்பவை வேறு. முப்பதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாவிட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிவிடுகிறது. தூக்கம் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. இவற்றில் மூன்றையாவது ஓரளவு நம்மால் திருத்த முடியும்.

இனி நீங்கள் கேட்ட 58 கிலோவுக்கு வருகிறேன். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனுள்ள 60 பெண்களிடம் சிகிச்சைக்கு முன்பே நான்கு எண்களைக் கேட்டுக்கொண்டார்கள்: கனவு எடை எது, எந்த எடை மகிழ்ச்சி தரும், எதை ஏற்றுக்கொள்ளலாம், எந்த எடையில் நின்றுவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். அவர்களுடைய இலக்கு, அப்போதிருந்த எடையில் சராசரியாக 32 சதவீதத்தைக் குறைப்பது. 48 வார சிகிச்சைக்குப் பின் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. எந்த மருத்துவரும் பாராட்டக்கூடிய மாற்றம் அது. ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஏமாற்றம் என்று தாங்களே சொல்லியிருந்த எடையைக்கூட எட்டவில்லை. 82இலிருந்து 58 என்பது 29 சதவீதம். நீங்களும் அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். ஓராண்டில் 16 கிலோ குறைத்த ஒருத்தி மனம் உடைந்து வீடு திரும்புகிறாள் என்றால் அவளைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட இலக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தபோது நீங்கள் ஒரு நாளாவது சந்தோஷப்பட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கான தடயமே இல்லை. 'இன்னும் பதின்மூன்று' என்றுதான் அப்போதும் எண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எடை இலக்கு என்பது அந்த எடையில் தொடர்ந்து வாழ்வதற்கான தினசரி விலையும்கூட. 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கணக்கின்படி, அன்றாட உணவில் ஏறக்குறைய 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி இறங்கவே ஓராண்டு ஆகும், மீதி பெரும்பாலும் இறங்கி முடிக்க மூன்றாண்டு ஆகும். தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். இருந்தாலும் உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆறு கிலோ குறைந்த உடலோடு வாழ, இன்று சாப்பிடுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 150 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும். 24 கிலோ குறைந்த உடலுக்கு அது கிட்டத்தட்ட 580 கலோரி. பட்டினி கிடக்கும் மூன்று மாதத்துக்கு மட்டுமல்ல, அறுபதிலும் எழுபதிலும், உடம்பு சரியில்லாத நாளிலும், துக்கமான நாளிலும். உங்கள் ஒன்பது கிலோ திரும்பி வந்ததன் காரணம் இதற்குள் இருக்கிறது. அந்த மூன்று மாதம் சாப்பிட்டதுபோல உங்களால் எப்போதும் சாப்பிட்டிருக்க முடியாது. யாராலும் முடியாது.

அதனால் நான் சொல்வது இது. முதல் ஆறு மாதத்துக்கு 76 கிலோ என்று வையுங்கள். விரைவாக இறங்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் 150 கலோரியைவிடக் கூடுதலாகத்தான் குறைக்க வேண்டியிருக்கும், ஆனால் உங்களால் தொடர முடிகிற அளவுக்குள். முதல் இரண்டு வாரத்தில் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி நீர், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரே இலக்கு, ஏறாமல் இருப்பது. டயட் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியைச் சொல்வதே இல்லை. என் கணிப்பில் உண்மையான வேலை அதுதான். சர்க்கரை நோயாளிகளிடையே நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தொடர் வழிகாட்டல் பெற்றவர்களில் பாதிப் பேர் எட்டாண்டுக்குப் பிறகும் ஐந்து சதவீதக் குறைவைத் தக்கவைத்திருந்தார்கள். தக்கவைக்க முடியும். 49 வயதில் 76 உங்களுக்கு இயல்பாகிவிட்டால், இன்னும் நான்கைந்து கிலோ வேண்டுமா என்று அப்போது யோசியுங்கள். ஐம்பதில் 72 நடக்கக்கூடியது. 58ஐ முன்னால் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

முழங்காலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள மூத்த வயதினரை வைத்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கண்டது. ஆறு கிலோவுக்கு 24 கிலோ. நீங்கள் கேட்ட எண், முழங்காலின் கணக்கில் கிடைத்துவிடுகிறது.

எடை மெஷினோடு ஓர் அளவு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது, உங்களுக்கு அது 79 செ.மீ. அங்கே போய்ச் சேராவிட்டாலும் மாதாமாதம் அந்தத் திசையில் நகர்ந்தால் சரி. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், எடை தூக்குவதோ நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்வதோ எதுவானாலும். உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும் என்பதால் புரதத்தைக் குறைத்துவிடக் கூடாது. தூக்கத்தையும் இதில் சேர்க்கிறேன். 2010இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஒரே அளவு உணவு கொடுத்தும், எட்டரை மணி நேரத்துக்குப் பதிலாக ஐந்தரை மணி நேரமே படுக்கையில் இருக்க அனுமதித்த நாட்களில், கரைந்த கொழுப்பின் அளவு 55 சதவீதம் குறைந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தைராய்டு பரிசோதித்தாயிற்றா? நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் எடையைக் கூட்டுவது ஏதாவது இருக்கிறதா? ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் அந்த வகை. எடை குறைக்கும் புதிய ஊசிகளைப் பற்றி உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அதையும் தயங்காமல் கேட்கலாம். செமக்ளூடைட் ஊசியின் 2021ஆம் ஆண்டு ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. ஆனால் நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. எனவே 'எவ்வளவு குறையும்' என்பதோடு 'எத்தனை காலம் போட்டுக்கொள்ள வேண்டும்' என்றும் சேர்த்துக் கேளுங்கள். அவர் ஆறு கிலோ என்று சொன்னபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அவர் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.