நீதிபதி சொல்லாத வார்த்தை

அன்புள்ள அக்கா,

ஜோகன்னஸ்பர்க்கில் ஏழு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கரூர் பக்கம். எலான் மஸ்க் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது ஆச்சரியமாக இருக்கிறது. பிரிட்டோரியாவில் பிறந்து வளர்ந்தவர். டிரம்ப் ஜெயிக்க 25 கோடி டாலருக்கு மேல் கொட்டி, ஆலோசகராகவும் போய் உட்கார்ந்தார். 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலுக்கு நேரில் போய்ப் பிரசாரம் செய்தும் அவர் ஆதரித்தவர் தோற்றார். மே கடைசியில் பதவியை விட்டார், ஜூன் முதல் வாரத்தில் டிரம்போடு பகிரங்கமாகச் சண்டை. ஒரு சேனல் அவரைத் தியாகி என்கிறது, அடுத்த சேனல் அவர்தான் கட்சியைக் கெடுத்தார் என்கிறது. இரண்டையும் வெட்டி நண்பர்கள் குழுவில் போடுகிறேன், மனஸ்தாபம்தான் மிச்சம். பணக்கார ஆலோசகர் ஒரு தலைவருக்குச் சொத்தா, சுமையா? அதிபராக இருந்த ஜேகப் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்களைப் பார்த்த நாட்டில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். (அவர்கள் வடக்கத்தியர், நமக்கு அதில் சம்பந்தமில்லை என்பது வேறு.)

கே., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மேற்கோள் குறிக்குள் நான்கு வரிகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். வருத்தப்படாதீர்கள். கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது, அதற்கு நன்றி சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சொத்தா சுமையா என்பது தலைவர் வீட்டுக் கணக்கு. அதை நீங்கள் ஏன் ராத்திரி கண் விழித்துப் போட்டுப் பார்க்கிறீர்கள்? எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பணம் நின்றது, வேலையும் நின்றது. நாடு முழுக்க அவளைப் போல ஆயிரக்கணக்கானவர்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டை மரம் அரைக்கிற மெஷினில் போட்டோம் என்று அந்த ஆலோசகர் பிப்ரவரியில் பெருமையாக எழுதியது இந்த வேலைகளும் சேர்ந்ததைத்தான். விஸ்கான்சினில் எத்தனை சதவீதத்தில் தோற்றார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். டர்பனில் எந்தக் கிளினிக்கில் ஆள் குறைந்தது என்று தெரியுமா? நீங்கள் இருக்கிற நாடு தம்பி இது.

குப்தாக்கள் விஷயத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டது தப்பு. 2010-இல் பத்திரிகை தொடங்கினார்கள், 2013-இல் டிவி தொடங்கினார்கள், தங்களைப் பாதுகாக்க லண்டன் விளம்பரக் கம்பெனி ஒன்றை அமர்த்தி, அந்த பெல் பாட்டிஞ்சரும் 2017-இல் மூழ்கியது. அந்த வருடங்களில் டாக்ஸி வரிசையில் என்னை ‘குப்தா’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவருக்கு, குப்தாக்களின் ஊரான சகாரன்பூரும் கும்பகோணமும் ஒன்றுதான். 1860-இல் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பழியை வாங்கிக்கொண்டார்கள். நமக்குச் சம்பந்தமில்லை என்று ஜோகன்னஸ்பர்க்கின் வேலிபோட்ட குடியிருப்பிலிருந்து சொல்லலாம், டர்பனில் இந்தியர்கள் நெருங்கி வாழும் சாட்ஸ்வர்த்தில் நின்று சொல்ல முடியாது.

இப்போது நான் சொல்ல வந்தது.

நான் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தது 1996-இல். மாமனார் இந்த மண்ணில் மூன்றாம் தலைமுறை. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் துரத்த, 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பம். பஸ் கம்பெனி ஒன்றில் நேரக்காப்பாளராகச் சேர்ந்து, பிறகு கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கோயில் பள்ளியில் படித்த தமிழ். பேச்சில் பாதி ஆங்கிலம் கலந்திருக்கும், எழுத்தில் ஒரு ஒற்றுகூடப் பிசகாது.

ஷபீர் ஷேக்கை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர்த் தொழிலதிபர், ஜேகப் ஜூமாவின் நிதி ஆலோசகர். ஜூமா அப்போது துணை அதிபர். அவருக்கு ஷேக் கொடுத்த பணம் சுமார் 12 லட்சம் ரேண்ட், அது போக ஆயுத பேரத்தில் பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 5 லட்சம் ரேண்ட் வாங்கித்தர ஏற்பாடு என்பது குற்றச்சாட்டு. நீதிபதி ஹிலரி ஸ்கொயர்ஸ் 2005 ஜூன் 2-இல் குற்றவாளி என்றார். ஜூன் 8-இல் 15 வருடம் சிறை. ஜூன் 14-இல் அதிபர் தாபோ எம்பெக்கி ஜூமாவைப் பதவியிலிருந்து நீக்கினார்.

தீர்ப்பை வாசித்து முடிக்க ஒரு நாள் போதவில்லை. மாமா டிவி முன்னால் உட்கார்ந்து எழுதினார். கெட்டி அட்டை போட்ட பேரேடு, பஸ் கம்பெனியில் மிஞ்சியது. பிளேடால் சீவிய பென்சில். பஸ் புறப்படும் நேரம் குறிப்பது போல ஓரத்தில் நேரம் போடுவார்: 10.20, 11.05. நடுவில் ஒரு கோடு. வரவு என்று அச்சடித்த இடப்பக்கத்தில் நீதிபதி சொன்னது. செலவு என்ற வலப்பக்கத்தில், இடைவேளையில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியவர்கள் சொன்னது. நான் டீ கொண்டுபோய் வைத்தால், “இரும்மா, அந்தாள் மறுபடி ஆரம்பிச்சிட்டான்” என்பார். அந்தாள் என்றால் எப்போதும் வலப்பக்கத்து ஆள்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொடர் பரவியது. ஷேக்குக்கும் ஜூமாவுக்கும் இடையே ‘பொதுவாகவே ஊழல் மலிந்த உறவு’ இருந்தது என்று நீதிபதி சொன்னதாக. பத்திரிகை, ரேடியோ, கசாப்புக் கடை, எல்லா இடத்திலும் அதுதான் பேச்சு. என் கணவரும் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னார். மாமா கை கழுவாமல் எழுந்து போய்ப் பேரேட்டை எடுத்து வந்தார். புரட்டினார். இடப்பக்கத்தில் அது இல்லை. மறுநாளும் தேடினார். ஒருவேளை மின்சாரம் போன நேரத்தில் விட்டுப்போயிருக்குமோ என்று பக்கத்து வீட்டில் கேட்டார். அவர் எழுதியிருந்தது வேறு: இருவருக்கும் நன்மை தரும் கூட்டுவாழ்வு ஒன்று இருந்ததைச் சாட்சியங்கள் காட்டுகின்றன என்று. ‘சிம்பயாசிஸ்’ என்ற சொல்லுக்கு மேலே தமிழில் ‘ஒட்டி வாழ்தல்’ என்று பென்சிலால் கிறுக்கியிருந்தார்.

“எல்லாம் ஒண்ணுதானே அப்பா? ரெண்டுக்கும் அர்த்தம் திருட்டுதானே?” என்றார் கணவர்.

“அர்த்தம் ஒண்ணா இருக்கலாம். சொன்ன ஆள் ஒண்ணு இல்லையே” என்றார் மாமா.

இதைக் கவனியுங்கள். ஷேக் குற்றவாளி என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. தீர்ப்பு வந்த அன்று சந்தோஷப்பட்டவர். அவர் சண்டை போட்டது தன் பக்கத்து ஆட்களோடு. ஒன்றரை வருடம் விடாமல் போட்டார். பத்திரிகைகளுக்கு மூன்று கடிதம் எழுதினார், ஒன்றும் அச்சாகவில்லை. வீட்டில் எங்களுக்கே சலித்துவிட்டது. 2006 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷேக்கின் தண்டனையை உறுதி செய்தது. அந்த நீதிமன்றமே அந்தத் தொடரை ஸ்கொயர்ஸ் சொன்னதாக எழுதிவிட்டது. அன்று மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அப்போ நான்தான் சரியா கேக்கலையா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அதே மாதம், ஓய்வில் இருந்த ஸ்கொயர்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தொடரைத் தான் பயன்படுத்தவே இல்லை என்று. மாமா செய்தியைக் கத்தரித்துப் பேரேட்டில் சோற்றுப் பசையால் ஒட்டினார். அவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அவர் பயந்தது மறுநாள் காலையிலேயே கேட்டுக்கு வந்து நின்றது.

தெருவில் ஜூமா பக்தர் ஒருவர், பழைய பஸ் முதலாளி. அதே செய்தித் துண்டோடு வந்தார். “பாத்தியா, நீதிபதியே இல்லேன்னுட்டார். எல்லாம் பேப்பர்காரன் கட்டின கதை. அவர் யாரு, ரொடீஷியாவுல இயன் ஸ்மித்துகிட்ட மந்திரியா இருந்தவர்தானே?” ரொடீஷியா என்றால் இன்றைய ஜிம்பாப்வே. அங்கே இயன் ஸ்மித்தின் வெள்ளையர் ஆட்சியில் ஸ்கொயர்ஸ் மந்திரியாக இருந்தது உண்மைதான். மாமா பேரேட்டைக் கேட்டின் மேல் வைத்து, கூட்டுவாழ்வு என்ற வரியையும், பணம் கைமாறிய கணக்கையும் ஒன்றொன்றாக வாசித்துக் காட்டினார். ஒரு மணி நேரம். வந்தவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவர் கையில் ஒரு நிஜமான பொய் கிடைத்துவிட்டது. அதைத் தயாரித்துக் கொடுத்தது ஜூமா கட்சிக்காரர்களா? இல்லை. நியாயம் பேசியவர்கள், சொல்லைச் சரிபார்க்கச் சோம்பல்பட்டவர்கள்.

2007 டிசம்பரில் ஜூமா கட்சித் தலைவரானார். 2009 மார்ச்சில் ஷேக் உடல்நலக் காரணம் காட்டி வெளியே வந்தார், மே மாதம் ஜூமா அதிபரானார். ஜூமாவுக்கு ஷேக் சுமை, முடிந்தது அரசியல் வாழ்வு என்று 2005-இல் ஸ்டுடியோவில் அடித்துச் சொன்னவர்கள் எல்லாரும் வலப்பக்கத்தில் இருக்கிறார்கள், நேரம் உட்பட. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஆலோசகருக்கு வருகிறேன். 2025 மே 21-இல் வெள்ளை மாளிகையில் எங்கள் நாட்டு அதிபர் ராமபோசாவை உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டார்கள். மஸ்க் அந்த அறையில்தான் இருந்தார். சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சிலுவைகள், எல்லாம் கொல்லப்பட்ட வெள்ளை விவசாயிகளின் புதைகுழிகள் என்றார் டிரம்ப். அது எங்கள் மாகாணத்துச் சாலை, நியூகாசில் பக்கம். புதைகுழி ஒன்றுகூட இல்லை. 2020-இல் ஒரு விவசாயத் தம்பதி கொல்லப்பட்டபோது ஊர்க்காரர்கள் அஞ்சலிக்காக நட்டு, பிறகு பிடுங்கிய சிலுவைகள். வெள்ளையர் இனப்படுகொலை என்பது கற்பனை என்று அந்தப் பிப்ரவரியில்தான் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது.

உங்களுக்குக் கோபம் வந்தது, சரி. எனக்கும் வந்தது. ஆனால் கடிதத்தோடு நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? பண்ணைக் கொலை என்று ஒன்று இந்த நாட்டில் நடக்கவே இல்லை என்று யாரோ வெட்டி ஒட்டிய வீடியோவை. தம்பி, அந்தத் தம்பதி செத்தது நிஜம். அவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இரண்டு பேருடைய சாவை ஆயிரமாகப் பெருக்கியது ஒரு கூட்டம். அதைச் சுழியாக்கியது நீங்கள். இனி நியூகாசிலிலிருந்து ஒருவர் அந்தக் கொலைச் செய்தி வந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வந்தால் என்ன வாசித்துக் காட்டுவீர்கள்? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கிற சேனல்களைத் திட்டுகிறீர்கள். அதே வெண்ணெயும் சுண்ணாம்பும்தான் உங்கள் கைபேசியிலும் இருக்கிறது.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். ஊரை விட்டுத் தனியாக இருக்கிற பிள்ளை, வேலை முடிந்து வந்து பேச ஆளில்லாமல் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன், எனக்கு மாமா இருந்தார். டர்பன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பேரேடு இன்னும் இருக்கிறது. சோற்றுப் பசையைப் பூச்சி அரித்து அந்தச் செய்தித் துண்டில் பாதிதான் மிச்சம். பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.

உங்கள் நான்கு மேற்கோள்களில் ஒன்று சரி. இரண்டில் வார்த்தை மாறியிருக்கிறது, பேசிய ஆள் சரி. அமெரிக்க நீதிபதி ஒருவர் சொன்னதாக நீங்கள் போட்டிருந்த நான்காவதை இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தீர்ப்பிலேயே இருந்தால் பக்க எண்ணோடு இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா