மருந்து உருவாக்க ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா. மகள் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து உருவாக்க வேண்டும் என்கிறாள், பயோடெக்கில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவள் ஆசைப்படும் வேலைக்கு அடித்தளம் கரிம வேதியியல், அதாவது கார்பன் சேர்மங்களின் வேதியியல். ஏன் என்று ஒரு மருந்தின் கதையைப் பாருங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசு போன்ற இடங்களில்தான் உருவாகிறது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அரோமட்டேஸ் என்ற என்சைம். அதை முடக்கினால், ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டிக்குத் தீனி குறையும். இப்படி முடக்க முதலில் பயன்பட்ட அமினோகுளுட்டெதிமைடு, வலிப்பு நோய்க்காக வந்த மாத்திரை. நாளைக்கு 1,000 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். அது அட்ரினல் சுரப்பியின் மற்ற என்சைம்களையும் முடக்கியதால், குறையும் அட்ரினல் ஹார்மோனை ஈடுகட்ட, கூடவே ஹைட்ரோகார்டிசோனும் தர வேண்டியிருந்தது. 1970களில் அமெரிக்காவில் ஹாரி புரோடி, ஏஞ்சலா புரோடி தம்பதி அரோமட்டேஸை மட்டும் முடக்கவென்றே மூலக்கூறுகளைத் தேடினார்கள். ஹாரி ஸ்டீராய்டு வேதியியலாளர், ஏஞ்சலா உயிர்வேதியியல் பக்கம். அப்படி வந்த மருந்து ஃபார்மெஸ்டேன். பிறகு வந்த லெட்ரசோல் என்ற மருந்தில், மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட டிரையசோல் வளையத்தின் நைட்ரஜன், என்சைமுக்குள் ஹீம் என்ற பகுதியில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. நாளைக்கு 2.5 மில்லிகிராம் போதும்!

இன்னொன்று. லெட்ரசோல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 1997இல். மனித அரோமட்டேஸின் படிக அமைப்பு, அதாவது அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முப்பரிமாண வடிவம், வெளியானதோ 2009இல்தான். என்சைமின் அந்த வடிவம் கையில் இல்லாமலேயே மருந்து வந்துவிட்டது. ஆகவே 'கம்ப்யூட்டரில் மருந்து வடிவமைப்பு, மூன்றே மாதம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், முதலில் வேதியியல் கைக்கு வரட்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பி.எஸ்சி. வேதியியல் முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., அப்புறம் நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வு, பிஎச்.டி. அல்லது பி.ஃபார்ம் என்ற மருந்தாக்கவியல் பட்டம் முடித்து, ஜிபேட் (GPAT) நுழைவுத் தேர்வு எழுதி, நைப்பர் (NIPER) என்ற தேசிய மருந்தாக்கக் கல்வி நிறுவனத்தில் மருந்து வேதியியல். கரிம வினைகளில் அவளுக்கு ருசி இருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஃபார்ம்.டி. இதற்குப் பொருந்தாது, அது மருத்துவமனை சார்ந்த படிப்பு.

எப்போது சம்பாதிப்பாள் என்ற கவலை நியாயமானது. பிஎச்.டி. வரை போனால் பத்து வருடம் ஆகும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை வரும். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தலாம். ஹைதராபாத், பெங்களூருவில் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள் மூலக்கூறு தயாரிக்க ஆள் எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பி.ஃபார்ம் என்று முடிவானால், அந்தக் கல்லூரிக்கு ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.