பேய்க்கதையில் ‘நான்’ யார், அந்த வீடு எதற்கு?

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய பேய்க்கதை ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யில் கதைசொல்லி யார், களம் எது என்பது கேள்வி.

நமக்குக் கதையைச் சொல்லும் பாத்திரம் கதைசொல்லி. அது நடக்கும் இடமும் பொழுதும் களம். இங்கே சொல்பவர் வீட்டுக்காரர் ரோடரிக் அஷரின் பால்ய நண்பர், பெயர் கிடையாது. களம், கறுத்த குட்டைக் கரையில் நிற்கும் பழைய மாளிகை.

ஏன் வெளியாள்? செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்குள் முதல்முறை போய்ப் பாருங்கள். வளவில் (உள்முற்றத்தில்) வௌவால் பறந்தால் வீட்டுக்காரருக்கு அது வெறும் வௌவால். நமக்கோ, இரண்டாம் கட்டில் தேக்குக் கதவு கிரீச்சிட்டாலே ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்த கால் நகராது. அந்த நடுக்கம் வாசகருக்கும் ஒட்டத்தான் விருந்தாளியைப் பேசவிடுகிறார்கள்.

போவின் கதையில், வந்ததுமே அந்த நண்பர் கண்ணில் படுவது, கூரையிலிருந்து கோணல்மாணலாகச் சுவரில் இறங்கும் மெல்லிய விரிசல். கடைசியில் வீடு பிளப்பது அதில்தான். ஊராருக்கு ‘அஷர் வீடு’ என்றால் கட்டடமும் அதுதான், குடும்பமும் அதுதான். (நம் பக்கம் விலாசத்தைச் சொன்னாலே குடும்பம் தெரிந்துவிடுமே, அதுபோல.)

அப்புறம், ‘நான்’ என்று வருவதால் அது எழுத்தாளரேதான் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, ரோடரிக்கைப் போல அந்த ‘நான்’ என்பவரும் கற்பனை ஆள்தான்.