கேள்வி – பதில்: கிட்டில் பிராஞ்ச், டேக் பட்டியல்

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளான கிட் பற்றி வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்; தனியாகப் பிரிந்து நடக்கும் வேலை பிராஞ்ச்; ஒரு கமிட்டுக்கு வைக்கும் நிலையான பெயர் டேக். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். கோடு, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்.

டேனரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். வாடிக்கையாளருக்கு ஒரு பிராஞ்ச் என்று போட்டு 140 தாண்டிவிட்டது. எதில் வேலை நடக்கிறது, யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? — வாசகர், ராணிப்பேட்டை

உண்டு. கண்ணால் பார்க்க மட்டும் என்றால் இது போதும்:

கிட் பிராஞ்ச் --சார்ட்=-கமிட்டர்டேட்

சமக்குறிக்கு அடுத்த சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் புதியது மேலே வரும், இல்லாவிட்டால் பழையது மேலே. பெயரும் தேதியும் ஆளும் ஒரே வரியில் வேண்டுமானால்:

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் --சார்ட்=-கமிட்டர்டேட் --கவுன்ட்=20 --ஃபார்மேட்='%(கமிட்டர்டேட்:ஷார்ட்) %(ஆதர்நேம்) %(ரெஃப்நேம்:ஷார்ட்) %(அப்ஸ்ட்ரீம்:ட்ராக்)' ரெஃப்ஸ்/ஹெட்ஸ்

கடைசியில் உள்ள ரெஃப்ஸ்/ஹெட்ஸ் என்பது உங்கள் கணினியிலுள்ள பிராஞ்சுகள். டேகுகள் ரெஃப்ஸ்/டேக்ஸ் என்பதன் கீழும், சர்வரிலிருந்து எடுத்தவை ரெஃப்ஸ்/ரிமோட்ஸ் என்பதன் கீழும் இருக்கும். எதையும் குறிப்பிடாவிட்டால் எல்லாம் கலந்து வரும்.

ஃபார்மேட்டைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம். பேஷ் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதை விட்டால் அடைப்புக்குறியைப் பார்த்ததுமே சின்டாக்ஸ் பிழை காட்டும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஒற்றை மேற்கோள் புரியாது, இரட்டை மேற்கோள் போடுங்கள். பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால் ஒவ்வொரு % குறியையும் இரண்டாக எழுத வேண்டும்.

தேதி நம் வழக்கப்படி நாள்-மாதம்-ஆண்டு என வர, ஷார்ட் என்ற இடத்தில் ஃபார்மேட்:%டி-%எம்-%ஒய் என்று போடலாம். இதில் ஒய் மட்டும் பெரிய எழுத்து. எம்மையும் பெரிய எழுத்தாக்கினால் மாதத்துக்குப் பதில் நிமிடம் வந்து நிற்கும்; பார்வைக்குத் தேதி போலவே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பிராஞ்சை ரீபேஸ் செய்தால் (அதன் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி எழுதினால்) கமிட்டர்டேட் புதிதாகிவிடும். இரண்டு வருடமாக யாரும் எழுதாத பிராஞ்ச்கூட நேற்றுத் தொட்டதுபோல மேலே வரலாம். சந்தேகம் வந்தால் ஆதர்டேட்டையும் (முதலில் எழுதிய தேதி) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அடுத்தது, பட்டியல் வரியின் கடைசியில் 'கான்' என்று வந்தால் சர்வரில் அந்தப் பிராஞ்ச் நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். முதலில் 'கிட் ஃபெட்ச் --ப்ரூன்' ஓட்டியிருந்தால்தான் இது சரியாகத் தெரியும். ஆனால் 'கான்' என்றாலே மெயினில் (தலைமைப் பிராஞ்ச்) சேர்ந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 'கிட் பிராஞ்ச் --நோ-மெர்ஜ்ட் மெயின்' அடித்து, சேராதவை எவை என்று பாருங்கள். ஸ்குவாஷ் முறையில் (பல கமிட்டுகளை ஒன்றாக்கி) சேர்த்தவையும் இதில் சேராததுபோலவே வரும், ஏனென்றால் மெயினில் போய் உட்கார்ந்தது வேறு கமிட். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

டேக் பட்டியலில் வி1.10 என்பது வி1.9-க்கு முன்னால் வருகிறது. தேதி கேட்டால் சில டேகுகளுக்கு வெறுமையாக இருக்கிறது. — கல்லூரி மாணவி, காட்பாடி

கிட் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. 9-ஐவிட 1 சிறியது, அதனால் 1.10 முந்திக்கொள்கிறது. 'கிட் டேக் --சார்ட்=வெர்ஷன்:ரெஃப்நேம்' என்றால் எண்ணாக ஒப்பிடும். அதிலும் வி2.0-ஆர்சி1 (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்பது வி2.0-க்குப் பின்னால் வரும். 'கிட் கான்ஃபிக் வெர்ஷன்சார்ட்.சஃபிக்ஸ் -ஆர்சி' என்று ஒருமுறை அமைத்துவிட்டால் முன்னால் போய்விடும்.

தேதி வெறுமையாக இருப்பதற்குக் காரணம், டேகில் இரண்டு வகை இருப்பது. 'கிட் டேக் -ஏ' என்று போட்டது அனோட்டேட்டட் டேக். போட்டவர் பெயர், தேதி, செய்தியோடு அது தனிப் பொருளாகச் சேமிக்கப்படும். வெறும் 'கிட் டேக் வி1.9' என்பது லைட்வெய்ட் டேக். அது கமிட்டைச் சுட்டும் பெயர் மட்டுமே. முதல் வகையிடம் கமிட்டர்டேட் கேட்டாலும், இரண்டாம் வகையிடம் டேகர்டேட் கேட்டாலும் பதில் வெறுமைதான். இரண்டுக்கும் பொதுவானது கிரியேட்டர்டேட்:

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் --சார்ட்=-கிரியேட்டர்டேட் --ஃபார்மேட்='%(கிரியேட்டர்டேட்:ஷார்ட்) %(ஆப்ஜெக்ட்டைப்) %(ரெஃப்நேம்:ஷார்ட்)' ரெஃப்ஸ்/டேக்ஸ்

நடுவில் 'டேக்' என்று வந்தால் முதல் வகை, 'கமிட்' என்று வந்தால் இரண்டாவது. லைட்வெய்ட்டில் காட்டுவது கமிட்டின் தேதி. போன வருடத்துக் கமிட்டுக்கு இன்று டேக் போட்டால் போன வருடமே வரும். அனோட்டேட்டட் டேக் சுட்டும் கமிட்டின் தேதி வேண்டுமானால் நட்சத்திரம் சேர்த்து %(*கமிட்டர்டேட்:ஷார்ட்) என்று கேளுங்கள். வெளியீட்டுக்கு எப்போதும் -ஏ போடுவதே நல்லது. 'கிட் புஷ் --ஃபாலோ-டேக்ஸ்' என்பதும் அந்த வகையை மட்டுமே கூடவே அனுப்பும்.

'கிட் பிராஞ்ச்' தருவதை ஃபார் லூப்பில் கொடுத்தால் ஃபைல் பெயர்களெல்லாம் பிராஞ்ச் பெயர்களாக வருகின்றன. — வாசகர், குடியாத்தம்

நீங்கள் இருக்கும் பிராஞ்சுக்கு முன்னால் அது ஒரு நட்சத்திரம் போடுகிறதல்லவா, அதை ஷெல் 'இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாம்' என்று விரித்துவிடுகிறது. லூப்புக்குள் பிராஞ்சை அழிக்கும் கட்டளை இருந்து, டாக்ஸ் என்ற பெயரில் ஃபோல்டரும் பிராஞ்சும் இருந்தால், நீங்கள் நினைக்காத பிராஞ்ச் போய்விடும். 'கிட் பிராஞ்ச்' மனிதர் படிப்பதற்கு. ஸ்கிரிப்ட்டுக்கு ஃபார்-ஈச்-ரெஃப் மட்டும் பயன்படுத்துங்கள். அது நட்சத்திரம் போடாது.

இரண்டிலும் பெயர் வடிகட்டுவது ஒன்றல்ல. ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/பில் என்று கொடுத்தால் பில்/ஜிஎஸ்டி வரும், பில்-பழையது வராது. ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/பில்* என்றால் நேர்மாறு, ஏனென்றால் ஃபார்-ஈச்-ரெஃப்பில் நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. 'கிட் பிராஞ்ச் --லிஸ்ட்' கட்டளையில் தாண்டும்.

டேகும் பிராஞ்சும் ஒரே பெயரில் இருக்கலாமா? — வாசகர், ஆரணி

கிட் தடுக்காது, நீங்கள் தவிருங்கள். 'கிட் லாக்' போன்ற கட்டளைகள் எச்சரித்துவிட்டு டேகை எடுக்கும். 'கிட் செக்அவுட்' பிராஞ்சை எடுக்கும்.

ஊர்ப் பெயரைத் தமிழிலேயே பிராஞ்சாக வைத்தோம். 'சோளிங்கர்' பட்டியலில் இரண்டு முறை வருகிறது! — வாசகி, சோளிங்கர்

கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு இரண்டு. யூனிகோடில் 'சோ' எழுத இரு வழி உண்டு: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது, அல்லது ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாக வைப்பது. குறி மட்டும் முதலாவதில் 3 பைட், இரண்டாவதில் 6 பைட். இருவர் வெவ்வேறு கீபோர்டு மென்பொருளில் அடித்திருப்பீர்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் இந்தச் சிக்கல் வராது. சோளிங்கர், போளூர் போன்ற பெயர்களில் வரும்.

ஃபார்மேட்டில் %(ஆப்ஜெக்ட்நேம்:ஷார்ட்) %(ரெஃப்நேம்) என்று போட்டால் இரண்டின் கமிட் எண்ணும் தெரியும். பெயரைத் தொடாமல் அந்த எண்களைக் கொண்டே 'கிட் லாக் எண்1..எண்2' என்றும், பிறகு திருப்பிப் போட்டும் பாருங்கள். இரண்டிலும் வேலை இருந்தால் ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை எண்ணால் மெர்ஜ் செய்யுங்கள். அழிக்கும்போது பெயரை அடிக்காதீர்கள், பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

இனிமேல் பிராஞ்ச் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, தமிழ் விளக்கத்தை 'கிட் பிராஞ்ச் --எடிட்-டிஸ்கிரிப்ஷன்' மூலம் எழுதி வையுங்கள். அது உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும், புஷ் செய்தால் போகாது.