அக்டோபர் கடைசியில் நியூயார்க்கில் ஒரே ஒரு வார இறுதி கிடைத்தால் என்னென்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அக்டோபர் இறுதியில் அலுவலக வேலையாக நியூயார்க் வருகிறார். சனி, ஞாயிறு இரண்டு நாள்கள் மட்டும் மனைவி, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா ஆகியோருடன் நகரில் இருக்கப் போகிறார். எந்த மாதத்திலும் பார்க்கக்கூடிய இடங்களை விட்டுவிட்டு, இலையுதிர் காலத்துக்கென்றே உள்ளவற்றைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். நான் பதினான்கு ஆண்டுகளாகக் குயின்ஸ் பகுதியில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு இதே பருவத்தில் பலமுறை சுற்றியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் இங்கே சூரியன் காலை ஏழே காலுக்கு மேல் உதித்து, மாலை ஆறு மணியளவில் மறைந்துவிடும். பகல் பதினொரு மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஆகவே பகலை மரங்களுக்கும் தண்ணீருக்கும் கொடுத்துவிட்டு, அருங்காட்சியகத்தையும் கடைவீதியையும் இருட்டிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கடைப்பிடிக்கும் முறை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, நான்கு மணிக்கு வெளியே வந்து, பூங்காவை அரை இருட்டில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இன்னொரு தவறை நானே செய்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் என் அப்பா வந்திருந்தபோது, வண்ண இலைகளையும் ஆப்பிள் தோட்டத்தையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன ஒரு பேருந்துச் சுற்றுலாவில் அவரை அழைத்துச் சென்றேன். அக்டோபர் சனிக்கிழமையில் நகரத்தை விட்டு வடக்கே போகும் சாலைகள் எல்லாம் நிரம்பி வழியும். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், தோட்டத்தில் ஒரு மணி நேரம் என்று அந்த நாள் கழிந்தது. மறுநாள் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெஞ்சில் அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் பேசியதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான்.

நீங்கள் வரும் காலம் சரியான காலம். நியூயார்க் மாநிலத்தின் வட மலைகளில் செப்டம்பர் கடைசியிலேயே இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிடும். நகரத்துக்குள் அந்த நிறம் வந்து சேர அக்டோபர் இறுதி ஆகும், நவம்பர் இரண்டாம் வாரம் வரைகூட நீடிக்கும். பகல் குறையும்போது மரம் பச்சையத்தை உற்பத்தி செய்வதை நிறுத்திவிடுவதால், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. மேப்பிள் போன்ற மரங்களில் காணும் சிவப்பு அப்படி ஒளிந்திருந்ததன்று. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. அதனால்தான் ஓர் ஆண்டின் சிவப்பு அடுத்த ஆண்டில் அப்படியே வருவதில்லை. மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்; இரண்டு நாள்களும் அவள் இலை பொறுக்கிக்கொண்டே வருவாள்.

சனிக்கிழமை காலையை யூனியன் ஸ்குவேர் உழவர் சந்தையில் தொடங்குங்கள். 1976 முதல் நடந்துவரும் இந்தச் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் கூடுகிறது. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் தாங்கள் விளைவித்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். அமெரிக்காவில் ஆப்பிள் விளைச்சலில் வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்த இடம் பெரும்பாலும் நியூயார்க்குக்குத்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இம்மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவாகி 1966இல் வெளியான ‘எம்பயர்’ என்ற வகை இந்தப் பருவத்தில் நிறைய வரும். புளிப்பும் இனிப்பும் கலந்த அதைச் சந்தையிலேயே கடித்துப் பாருங்கள், குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வரும் பழத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புரியும். ஆப்பிள் சைடர் என்று எழுதியிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். இந்த ஊரில் அது வடிகட்டாத ஆப்பிள் சாறு மட்டுமே. மது கலந்ததை ‘ஹார்டு சைடர்’ என்று தனியே குறிப்பிடுவார்கள். பட்டை, கிராம்பு போட்டுச் சூடாகத் தரும் சைடரைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது அந்தக் குளிருக்கு மிகவும் இதமாக இருக்கும். சைடர் டோனட்டில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள் என்பதால், அம்மா முட்டை உண்ணாதவராக இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அங்கிருந்து சென்ட்ரல் பார்க்குக்குப் போகும்போது எல்லோரும் நுழையும் 59ஆம் தெருப் பக்கம் போகாமல் நேரே வடமுனைக்குச் செல்லுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பூங்கா 59ஆம் தெருவிலிருந்து 110ஆம் தெரு வரை நான்கு கிலோமீட்டர் நீளம் கொண்டது. கூட்டத்தில் பெரும்பகுதி தெற்கிலேயே தங்கிவிடுகிறது. சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, படிகள் செங்குத்தானவை என்பதால், அம்மாவுக்காக மேடிசன் அவென்யூவில் வடக்கே போகும் பேருந்தைப் பிடியுங்கள். ஓட்டுநரிடம் கேட்டால் பேருந்தின் முன்பக்கத்தைத் தாழ்த்தித் தருவார்; ஏறுவது எளிது. 105ஆம் தெருவில் இறங்கி ஒரு குறுக்குத் தெரு மேற்கே நடந்தால், ஃபிஃப்த் அவென்யூவில் வாண்டர்பில்ட் என்ற பெருஞ்செல்வக் குடும்பத்தின் மாளிகையில் முன்பு இருந்த பெரிய இரும்புக் கதவு நிற்கிறது. அதற்குள் இருப்பது கன்சர்வேட்டரி கார்டன். அக்டோபரில் அதன் வடபகுதியில் கொரிய வகைச் செவ்வந்திகள் வட்ட வட்டமாகப் பூத்திருப்பதைப் பார்க்கையில், நம் ஊர்ப் பூக்கடைகளில் குவிந்திருக்கும் செவ்வந்தியை நினைக்காமல் இருக்க முடியாது. அம்மா அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். நீங்களும் மகளும் ஐந்து நிமிடம் வடக்கே நடந்து, மரங்களின் நிறம் தலைகீழாகத் தெரியும் ஹார்லெம் மீர் ஏரியைச் சுற்றி வாருங்கள். அதற்கு மேற்கே இருக்கும் நார்த் வுட்ஸ் காடு இன்னும் அழகானது. ஆனால் ஏற்ற இறக்கமும் கற்படிகளும் நிறைந்தது என்பதால் உங்கள் குடும்பத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பிறகு ஃபிஃப்த் அவென்யூவில் தெற்கே வரும் பேருந்தில் 72ஆம் தெருவில் இறங்கி, ‘மால்’ என்று அழைக்கப்படும் நடைபாதைக்குப் போங்கள். 1858இல் வடிவமைப்பாளர்கள் ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் பூங்காவைத் திட்டமிட்டபோது நேர்கோட்டில் அமைத்த ஒரே பெரிய பாதை இதுதான். இரு மருங்கிலும் அமெரிக்க எல்ம் மரங்கள் மேலே கிளை கோத்து நிற்கின்றன. ஒருவகைப் பூஞ்சை நோயால் இந்த நாட்டின் எல்ம் மரங்களில் பெரும்பாலானவை சென்ற நூற்றாண்டில் அழிந்தன; இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பவை மிகச் சில தோப்புகள்தாம். என் அப்பா உட்கார்ந்திருந்தது இந்தப் பாதையில்தான். மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் மஞ்சள் இலைகளினூடே இறங்கும் நேரத்தில் அங்கே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டத் தொடங்கியதும் 82ஆம் தெருவில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். வெள்ளியும் சனியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 22 டாலர், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். தெற்காசியக் கலைக்கூடத்தில் நின்ற கோலத்தில் ஒரு பார்வதி செப்புத்திருமேனி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்ககாலச் சோழர் படைப்பு, உயரம் ஏறத்தாழ இரண்டே கால் அடி. உலாவுக்கு எடுத்துச் செல்லத் தண்டு கோப்பதற்கான வளையங்கள் பீடத்தில் இன்னும் இருக்கின்றன. தெருவில் தோளில் ஏறி வர வேண்டியவள் இங்கே அசையாமல் நிற்கிறாள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்தும். ஆனாலும் அவளைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குக் குயின்ஸைச் சொல்வேன். 7ஆம் எண் ரயிலில் கடைசி நிலையமான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் மின்தூக்கி உண்டு. அங்கிருந்து வாடகைக் காரில் பவுன் தெருவிலுள்ள கணபதி கோவிலுக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். 1970இல் அழகப்பா அழகப்பன் உள்ளிட்டோர் தொடங்கிய சங்கத்தின் முயற்சியால் எழுந்து 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்ட கோவில் இது. அடித்தளத்தில் உள்ள கேண்டீனில் தோசையும் பொங்கலும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். வெளிநாட்டுச் சாப்பாட்டில் சலித்துப்போயிருக்கும் அம்மாவுக்கு இதைவிட நல்ல காலை உணவை என்னால் யோசிக்க முடியவில்லை. இதே தெருவில் 1661ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட ஜான் பவுனின் மரவீடு இன்னும் நிற்கிறது. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட டச்சு ஆளுநர் தடை செய்திருந்த, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக்கு வீட்டில் இடம் கொடுத்ததற்காக 1662இல் அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1657இல், ஃப்ளஷிங் மக்கள் குவேக்கர்களுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு ஆளுநருக்கு மனு அனுப்பியிருந்தார்கள். அந்த பவுனின் பெயரைத் தாங்கிய தெருவில் பிள்ளையார் கோவில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அருகிலேயே உள்ள ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா மகளுக்கானது. 1964 உலகக் கண்காட்சிக்காக அமைத்த 140 அடி உயர எஃகு உலக உருண்டையைச் சுற்றி இந்த மாதத்தில் இலைகள் குவிந்து கிடக்கும். பக்கத்திலிருக்கும் குயின்ஸ் அருங்காட்சியகத்தில், அதே கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகரத்தின் முழு மாதிரி உள்ளது. ஏறத்தாழ 8,95,000 கட்டடங்கள், நூறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்தவை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரம் அதில் பதினைந்து அங்குலத்தைத் தொடாது. முந்தைய நாள் நடந்த பூங்காவைக் குழந்தை அதில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். உயரமான கட்டடங்களின் உச்சியிலுள்ள பார்வை மாடத்துக்கு வரிசையில் நின்று பணம் கொடுத்துப் பார்ப்பதைவிட இதில் ஊர் நன்றாகப் புரிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். 7ஆம் எண் ரயிலில் டைம்ஸ் ஸ்குவேர் வந்து, 1ஆம் எண் ரயிலுக்கு மாறினால் அதன் தென்கோடி நிலையத்தின் வாசலிலேயே ஸ்டாட்டன் தீவுப் படகுத்துறை. வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகத் தடங்களை மாற்றுவது வழக்கமாதலால், காலையிலேயே அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். படகுக்கு 1997 முதல் கட்டணம் இல்லை. ஒரு வழிக்கு 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். தீவில் எல்லோரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்பதால் அம்மாவை அவசரப்படுத்தாமல் அடுத்த படகுக்குக்கூடக் காத்திருக்கலாம். ஐந்து மணிப் படகில் போனால் திரும்பும் வழியில் சூரியன் சிலைக்குப் பின்னால் இறங்கும். மன்ஹாட்டனின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.

வேறு சில குறிப்புகள். உங்கள் வார இறுதி அக்டோபர் 31இல் அமைந்தால், கிரீன்விச் வில்லேஜ் ஹாலோவீன் ஊர்வலம் அன்று இரவுதான். 1974 முதல் நடக்கிறது, வேடமிட்ட எவரும் சேர்ந்து நடக்கலாம். முழங்கால் வலியோடு அந்த நெரிசலில் நிற்க முடியாது என்பதால், வீட்டு வாசற்படிகளில் பூசணிக்காயும் எலும்புக்கூடும் வைத்து அலங்கரித்திருக்கும் புரூக்ளின் தெருக்களில் மாலையில் ஒரு நடை போவதே போதும். ஒரு வாரம் தள்ளி வருவதானால், நவம்பர் முதல் ஞாயிறன்று மாரத்தான் ஓட்டம் நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளையும் கடந்து செல்லும், சாலைகள் பல அடைக்கப்படும்; அன்று அதிகாலையே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போவதால் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும், என் படகுக் கணக்கையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தால் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஹட்சன் ஆற்றோரமாகப் போகும் ஹட்சன் தட ரயில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்து, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டும் கோல்டு ஸ்பிரிங் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். ஆறும் வண்ண மலையும் வழி நெடுகக் கூடவே வரும்.

பகலில் 16, 17 டிகிரி இருந்தாலும் படகின் வெளித்தளத்தில் காற்று கடுமையாக அடிக்கும். அம்மாவுக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பியும், புடவைக்கு மேல் தொடை வரை வரும் கோட்டும் சனிக்கிழமை காலையிலிருந்தே கையோடு இருக்கட்டும்.