கொட்டகையில் நிற்கும் ஃபியட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய 1964-ஆம் ஆண்டு ஃபியட் 1100டி கார், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் 20 ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. இன்ஜின் இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. முதலில் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், இன்ஜினைப் பிறகு கவனிக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். விடுமுறை நாட்களில் நானும் தம்பியும் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: பெயிண்ட் கடைசி வேலை. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இந்தக் காருக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் விளிம்பு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட உடற்கூடுதான் வண்டியின் எலும்பு. அந்த எலும்பில் துரு ஏறியிருக்கும்போது மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும், பின்னர் வெல்டிங்குக்காக அதையே சுரண்டி எடுக்க நேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பக்கமிருந்து நான் வாங்கிவந்த ஒரு ஃபியட், வெளிப்பார்வைக்குக் கண்ணாடிபோல் இருந்தது. ஓட்டுநர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் கறுப்புத் தார்ப்பூச்சு. அதை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் அழுத்தியதும் நுனி அப்படியே உள்ளே போயிற்று, துளை வழியாகக் கீழிருந்த சிமென்ட் தரை தெரிந்தது. கதவடி விளிம்பைச் சுரண்டியபோது விரற்கடைத் தடிமனுக்குப் பட்டியும் (பள்ளம் நிரப்பப் பூசும் பசை), அதன் பின்னால் மடித்துத் திணித்திருந்த சாக்குத் துண்டும் வெளியே வந்தன. அந்தச் சாக்கு மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, மிஞ்சியிருந்த தகட்டையும் அரித்துவிட்டிருந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஆகவே, துணி சுற்றிய சிறு காந்தத்தை உங்கள் காரின் உடல் முழுதும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடமெல்லாம் பட்டி பூசிய இடம். சாக்பீஸால் அங்கே வட்டமிட்டு வையுங்கள். பற்றவைப்பை மட்டும் கைதேர்ந்த டிங்கரிடம் விடுங்கள்; பழந்தகட்டை வெட்டிவிட்டுப் புதுத்தகடு வைக்கச் சொல்லுங்கள், பழையதன்மேல் ஒட்டுப்போட விடாதீர்கள்.

இன்ஜினைப் பொறுத்தவரை, இறுகிய வண்டியைத் தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ சுற்றவைக்க முயலாதீர்கள். துருப்பிடித்த பிஸ்டன் ரிங் உடைந்தால் சிலிண்டரில் கீறல் விழும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து ஒவ்வொரு துளையிலும் சுமார் 30 மில்லி ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்புறமுள்ள கிராங்க் கப்பியின் நட்டில் ஸ்பேனர் மாட்டி, முன்னும் பின்னுமாக மிகக் கொஞ்சமாக அசையுங்கள். அசையாவிட்டால் மறுபடியும் ஊற்றிக் காத்திருங்கள். முரட்டுப் பலம் இங்கே உதவாது. இன்ஜின் தாராளமாகச் சுற்றத் தொடங்கிய பின்னரே பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். டேங்கிலுள்ள பழைய பெட்ரோல் இதற்குள் பிசினாகியிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் அந்தப் பிசின் கார்பரேட்டர் ஜெட்டுகளை (பெட்ரோல் வரும் நுண்துளைகளை) அடைத்துவிடும். கொட்டகையில் வைக்கோலும் இருந்தால், எலி கடித்த ஒயர்களையும் எதிர்பாருங்கள். ஒயர் ஒவ்வொன்றுக்கும் துண்டுச்சீட்டு கட்டாமல், கைப்பேசியில் படம் எடுக்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

இன்ஜின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் பலர் அன்றைக்கே வண்டியைத் தெருவுக்கு எடுத்துவிடுகிறார்கள். பிரேக்கை முடிக்காமல் அதைச் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நான்கிற்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால், ஒரு குழாய் ஓட்டையானாலும் மிதி முழுவதுமாகத் தரையைத் தொட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்களையும், எல்லா ஹோஸ்களையும் புதிதாக மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இன்னொன்று: ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள வண்டி இது. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டுகள் நான்கு வாங்குவதே உங்கள் முதல் செலவாக இருக்கட்டும்.

கேள்வி: என் தந்தை பெயரில் 1968-ஆம் ஆண்டு அம்பாசிடர் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். காரை வின்டேஜ் என்று பதிந்துகொள்வது நல்லதா?
— ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: முதலில் வண்டி உங்கள் பெயருக்கு வரட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்சி புத்தகம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். உங்களைத் தவிர வேறு வாரிசுகள் இருந்தால் அவர்களின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படுத்தாத கார்களும் இருசக்கர வாகனங்களும் வின்டேஜ் பதிவுக்கு உரியவை. சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டு செல்லும்; பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு ‘விஏ’ வரிசை எண் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, வின்டேஜ் அணிவகுப்பு, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏலகிரி போய்வர வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், வழக்கமான ஆர்சியை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த வழியாயினும் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஆய்வின்போது பார்க்கப்படுவது அந்த எழுத்துகள்தாம். அவை மங்கினால் உங்கள் ஆவணங்களுக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்துபோகும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?
— ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவும் விரிசல் விடவும் செய்யும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் சேர்க்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் ரப்பர்கள் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்து வையுங்கள். நம் ஊர்க் கோடையில் இந்த ஒரு வேலையைச் சோம்பலால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் நல்ல தோல் கிடைக்கிறது. பழைய ஃபியட்டின் இருக்கைகளுக்கு ரெக்சினுக்குப் பதில் தோல் போடலாமா? பம்பருக்கு வீட்டிலேயே குரோம் பூச முடியுமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: அந்தக் கார் ரெக்சினோடு வந்தது, ரெக்சினோடே இருக்கட்டும். உங்கள் ஊரில் தேட வேண்டியது தோலைவிடத் தையல்காரரை. ஷூ மேல்தோல் தைத்துப் பழகிய கைகள், பழைய உறையைப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து வெட்டினால், இருக்கையின் கோடுகள் பிசகாமல் வரும். பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

குரோம் பூச்சை வீட்டில் முயலவே வேண்டாம். அதற்குப் பயன்படும் அறுமதிக் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் தரும் நச்சு. கொட்டிய குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டைக் கிணறுகளில் கண்டவர்கள் நாம். உரிமம் பெற்ற முலாம் பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும் முன் பம்பரின் நெளிவுகளை எடுத்துவிடுங்கள், ஏனெனில் முலாம் எந்தப் பள்ளத்தையும் மறைக்காது, இன்னும் தெளிவாகக் காட்டும்.