பீரில் குளூட்டன்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் எனக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளது. ‘குளூட்டன் குறைக்கப்பட்டது’ என்று அச்சிட்ட பீரை அருந்தலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அது பார்லி மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லியில்) தயாரான வழக்கமான பீர்தான். நொதிக்கும்போது ஓர் என்சைமைச் சேர்த்து, ஹோர்டீன் எனப்படும் பார்லிக் குளூட்டனைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகிறார்கள். அத்துண்டுகளை இன்றைய சோதனைகளால் நம்பகமாக அளக்க முடிவதில்லை என்பதால்தான், குளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற பொது வரம்பு இருந்தும், அமெரிக்காவில் பார்லி பீருக்குக் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயர் அனுமதிக்கப்படுவதில்லை. ஐரோப்பாவில் அனுமதி உண்டு. ஆகவே பயணத்தின்போது முன்பக்கத்துப் பெரிய எழுத்தை மட்டும் நம்பாமல், பாட்டிலைத் திருப்பி, மூலப்பொருள்களில் ‘பார்லி மால்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சோளம் (மக்காச்சோளம் அன்று, நம் வெள்ளைச்சோள இனம்), அரிசி, சிறுதானியம் ஆகியவற்றில் மட்டுமே தயாரானவற்றைத் தேர்ந்தெடுங்கள்.